சித்திரைக்கு ஓடுமா?

தவறு செல்வினுடையதுதான். அதை அவனே முதலில் ஒப்புக்கொண்டான். பங்குபோட்டுக்கொள்ள வேறு யாரும் முன்வரவில்லை.

ஊருக்கே குளிர் அனுப்பும் குளிரகத்தின் பெரிய பொறியை நெடுநாள் ஓய்வுக்குத் தயார்செய்ய, முதலில் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். வால்வைத் திறந்தான். தண்ணீர் பின்பக்கத் தொட்டிக்குப் போகும் என்பது அவன் நம்பிக்கை. தொட்டியைக் கழுவுவதற்காகப் போன மாதம் வடிகுழாயைத் தெருப்பக்கம் திருப்பி வைத்ததும் அவனேதான். ஏழு டிகிரிக் குளிரோடு பதினெட்டாயிரம் லிட்டர் தண்ணீர் கடைத்தெருவில் பாய்ந்தது.

காலை ஒன்பதுக்கு மேல் யாரும் வெளியே வரக் கூடாது என்பது சட்டம். கார்த்திகையிலேயே நாற்பத்திரண்டு டிகிரி. ஆனாலும் ஊர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தது. குடம் கொண்டுவந்தவர்கள் பாதி, அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டவர்கள் பாதி. ஒருவர் சோப்போடு வந்தார்.

"செல்வின் அண்ணாச்சி, இன்னொரு வால்வு இருந்தா அதையும் தொறந்துவிடும்!"

பதினான்கு வருட வேலையில் அவன் நேரடியாகக் கைதட்டல் வாங்கியது அன்றுதான். தண்ணீர் வற்றியதும் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சித்திரைக்கு மெஷின் ஓடுமா?"

"மேல கேட்டிருக்கேன்" என்றான். மூன்று வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

இருபதாயிரம் தலை இருக்கும் ஊருக்குத்தான் வீட்டுக்கு வீடு குளிர்க்குழாய். இந்தக் கணக்கெடுப்பில் அதற்கு நூற்றுப் பதினேழு தலை குறைந்தது. உடனே ஆணை வந்தது: 'பொறி மூடப்படவில்லை, நெடுங்காலத் தற்காலிக ஓய்வில் வைக்கப்படுகிறது.' நெடுங்காலமும் தற்காலிகமும் ஒரே வரியில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று அவனுக்கு விளங்கவேயில்லை. மண்டல அலுவலகத்தை மறுபடியும் அழைத்தான்.

"சார், ஆறு மாச ஓய்வுன்னா குழாயில துருத்தடுப்பு மருந்துத் தண்ணி நிரப்பணும். வருஷக்கணக்குன்னா உலர்த்தி நைட்ரஜன் அடைக்கணும். எதைச் செய்ய?"

"விதிமுறைப்படி செய்ங்க."

"ரெண்டுமே விதிமுறையில இருக்கு சார்."

"அப்போ பொருத்தமானதைச் செய்ங்க."

"ஓய்வு அட்டையில 'மீண்டும் இயக்கும் நாள்'னு ஒரு கட்டம் இருக்கு. நாள் போடலைன்னா பொறி பூட்டிக்க மாட்டேங்குது."

"உத்தேசமா ஒண்ணு போடுங்க."

"என் கல்யாணத்துக்கே உத்தேசமாத்தான் சார் நாள் பார்த்தாங்க. இன்னும் நடக்கல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நல்ல நகைச்சுவைதான், கேட்க ஆள் இருந்திருக்கலாம்.

மூன்றரை மணிக்கு ஒரு லாரி வந்து நின்றது. யாரும் முடிவே எடுக்காத வேலைக்கு எட்டு நைட்ரஜன் சிலிண்டர்கள் வந்திருந்தன. ஓட்டுநர் சுடலைமுத்து இறக்க ஆரம்பித்தார். அவர் பின்னாலேயே வெயில் தாங்கும் குளிர்ச்சட்டை மாட்டிக்கொண்டு செல்வினின் தங்கை ஜெனிட்டா வந்தாள். ஏழு மாத வயிறு. கையில் வீட்டுச் சாவி.

"அண்ணே, நாலு மணிக்கு மலைக்குக் குடிபோறதுக்கான பதிவ மூடுறாங்க. சாவியக் குடுத்துட்டா அப்பா கட்டின வீடு போச்சு, திரும்பக் கேக்க முடியாது. குடுக்கவா, வேண்டாமா?"

"கேட்டிருக்கேன்மா. இப்பச் சொல்லிருவாங்க."

"தைக்குப் பிள்ள பொறந்துரும். சித்திரையில அம்பது டிகிரி. குளிர் வரும்னா இங்கயே கெடப்பேன். வராதுன்னா வராதுன்னு சொல்லித் தொலையேன்."

"அந்த வால்வுக்குக் கீழ தொட்டில் கட்டிருவோம். பிள்ள ஜம்முன்னு தூங்கும்."

அவள் சிரிக்கவில்லை. "ஒனக்கு எல்லாமே வெளாட்டு."

விளையாட்டு இல்லை. அவள் போனால் அரசுக் கணக்கில் ஒரு தலை குறையும். அவனுக்கு இந்த ஊரில் சண்டை போட ஆளிருக்காது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் தொட்டில் கட்டினான்.

கடைசிச் சிலிண்டரை இறக்கிவிட்டுச் சுடலைமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். செல்வின் அவர் பக்கம் திரும்பினான்.

"நைட்ரஜன் கசியும்வே. ஆறு மாசத்துக்கு ஒருக்க சிலிண்டர் மாத்தணும். மாத்த நீருதான் வருவீரா?"

"இதோட பன்னெண்டு ஊருக்கு எறக்கியிருக்கேன் அண்ணாச்சி. எந்த ஊருக்கும் மாத்துச் சிலிண்டர் ஏத்தினதில்ல."

செல்வினின் வாயில் ஒரு நகைச்சுவை வந்தது. விழுங்கிவிட்டான். ஊரே தன்னிடம் கேட்ட கேள்வியை அவன் முதல்முறையாக இன்னொருவரிடம் கேட்டான்.

"அப்போ, சித்திரைக்கு ஓடுமா?"

சுடலைமுத்து ஜெனிட்டாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"ஓடாது அண்ணாச்சி. தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."