உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரியா?

நாப்லாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வீடு நிறைய ஆட்கள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது, மூலையில் பிடில் ஒலித்தது. அக்கா ஸோரகா சிவப்புப் பாவாடை சுழல ஆடிக்கொண்டிருந்தாள். விடிந்தால் அவளுக்கு அமெரிக்கா பயணம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒனோரா அத்தை வந்து சேரும்வரை.

ஒனோரா அத்தைதான் அந்த ஊரில் ஒப்பாரி வைப்பவர். யாராவது செத்தால் வருவார். அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்த அந்தக் கொனமாரா பகுதியிலிருந்து யாராவது கப்பலேறினாலும் வருவார். போனவர்கள் திரும்பி வருவதில்லை, அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

"அம்மா, அக்கா என்ன செத்தா போயிட்டா?"

"வாயைக் கழுவுடி! இது வழக்கம். அழுதாதான் மனசு ஆறும்."

"அழு, வேணாங்கல. ஆனா செத்தவங்க பாட்டு எதுக்கு? அதைப் பாடிட்டா, நாளையிலேர்ந்து அவளைச் செத்தவளாவே நினைச்சிருவீங்க!"

யார் கேட்டார்கள்? பிடில் நின்றது. ஸோரகாவை முக்காலியில் உட்கார வைத்தார்கள். பாவம், அவள் முகம் வெளுத்துப்போனது. அத்தை கண்ணை மூடிக் குரலெடுத்தார்.

"என் தங்கமே, எங்களை விட்டு ஏன் போனாய்?"

நாப்லாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. சாவு வீட்டிலும் அத்தை இதையேதான் கேட்பார். அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. இங்கே இருக்கிறதே! அக்காவின் விலாவில் ஒரு குத்து விட்டாள்.

"கேக்கறாங்கல்ல? பதில் சொல்லு!"

"நானா?"

"செத்தவங்கதான் பேசமாட்டாங்க. நீ பேசு!"

ஸோரகா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் இன்னும் போகலையே அத்தை. இங்கதான் உக்காந்திருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இத்தனை வருஷத்தில் அவருக்கு யாரும் பதில் சொன்னதே இல்லை. குரலை இன்னும் உயர்த்தினார்.

"இனி இந்த வாசலில் யார் காலடி கேட்கும்?"

"நாப்லா காலடிதான். அவ நடந்தா எட்டு ஊருக்குக் கேக்கும்!"

வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், அழுதுகொண்டே.

"என் பாட்டைக் கெடுத்துட்டியேடி, வாயாடி!" என்று அத்தை நாப்லாவை முறைத்தார்.

"கெடுக்கல அத்தை. நீங்க கேளுங்க, அவ சொல்லட்டும். இனிமே இது ரெண்டு பேர் பாட்டு."

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். இந்த முறை குரலில் குறும்பு இருந்தது. போகும்போது நாப்லாவின் காதைத் திருகினார்.

"அடுத்து பக்கத்து வீட்டு டார்பி கப்பலேறப் போறான். அவனுக்கும் பதில் சொல்லக் கத்துக்குடு."

காலையில் ஊரே பாலம்வரை கூட வந்தது. அதற்கு மேல் யாரும் போவதில்லை. ஸோரகா ஏறிய வண்டி மலை வளைவில் திரும்பி மறைந்தது. நாப்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதபடியே பாலத்துச் சுவரில் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

"இனி நம்ம மாட்டை யார் கறப்பா?"

வளைவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

"நீதாண்டி, சோம்பேறி!"