இரண்டாவது பாட்டிலின் கசப்பு

நாய் சுவரைப் பார்த்து நின்றது.

கால்நடை மருத்துவமனையின் வராந்தாவில், எடை மேடைக்குப் பின்னால் இருந்த மூலையில், மூக்கு சுவரில் இடிக்க அப்படியே நின்றது. அதன் பக்கத்தில் ஒருவன். அவனும் சுவரைப் பார்த்தே நின்றான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் சட்டையிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேர்ல யாருக்கு வைத்தியம்?"

அவன் திரும்பினான். தூக்கம் கெட்ட கண்கள். ஆனால் அந்தப் பார்வை... எதையும் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிற பார்வை.

"பெரியவருக்குத்தான். நாமா திருப்பிவிட்டா பயந்துடுறார். கூட நின்னா அவரே திரும்புவார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"உங்களுக்கு அவசர வேலை இருந்தா ரொம்ப நேரம் ஆகும்."

அவள் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை. பின்கட்டு ஆய்வகத்தில் மருந்து செய்கிறவள். வேலியோரம் படரும் ஒரு கொடியின் இலையிலிருந்து சாறு பிரித்து, வயதான நாய்களின் மூளை தேயும் நோய்க்கு அது உதவுகிறதா என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் ஒரு பாட்டில், அடுத்த மாதம் இன்னொரு பாட்டில். ஒன்றில் மருந்து, இன்னொன்றில் கசப்பு சேர்த்த வெறும் தண்ணீர். எது எது என்று வளர்ப்பவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பேராசிரியரின் பீரோவில், ஒட்டிய உறைக்குள் இருந்தது அந்த ரகசியம்.

பாட்டில்களைத் திரும்ப வாங்குகிற டாக்டருக்கு அன்றைக்குக் காய்ச்சல். ஒரு மணி நேரம் மேசையில் உட்காரச் சொல்லி இவளை அனுப்பியிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவன் வந்தான்.

பாட்டிலையும், நாயின் நடத்தைக்குத் தினமும் மதிப்பெண் போட்ட தாளையும் மேசையில் வைத்தான்.

"ஒண்ணு சொல்லணும் டாக்டர். போன மாசம் குடுத்ததுதான் மருந்து. இது சும்மா."

அவள் கை நின்றது. "யார் சொன்னா?"

"என் நாக்கு."

"குடிச்சீங்களா?"

"பெரியவருக்குப் போறதை நான் ருசி பார்க்காம குடுத்ததில்லை." அவன் சாதாரணமாகச் சொன்னான். "தேயிலை ருசி பார்க்கிறதுதான் எனக்குத் தொழில். ஒரு நாளைக்கு இருநூறு கோப்பை. முதல் பாட்டில்ல கசப்பு மெதுவா வருது... நாக்குக்குப் பின்னால போய் உட்காருது... எழுந்திருக்க மாட்டேங்குது. அது இலைக் கசப்பு. ரெண்டாவது பட்டுனு அடிச்சுட்டு ஓடிடுது. அது கடையில வாங்கின கசப்பு."

"நாய் மருந்தைக் குடிச்ச முதல் ஆள் நீங்கதான்."

"பாராட்டுறீங்களா?"

"திட்டுறேன்!" அவளுக்கு முகம் சிவந்தது. "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு? தெரிஞ்சுட்டா, நாய் வாலை ஆட்டினாலே பத்துக்குப் பத்து போடுவீங்க. உங்க தாள் இனிமே குப்பை. என் ஆராய்ச்சிக்கு உங்க நாக்கு தேவையில்லை, நீங்க கிளம்பலாம்."

அவன் கிளம்பவில்லை. "என் தாளைக் கிழிச்சுப் போடுங்க. பெரியவரை என்ன பண்ணுவீங்க? முதல் மாசம் பூரா துப்பினார். ரெண்டாவதை நக்கி நக்கிக் குடிச்சார். எனக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரியும்."

மூலையில் பெரியவர் தானாகவே திரும்பினார். இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

அவன் போனதும் நாற்பது தாள்களையும் மேசையில் பரப்பினாள். 'மருந்தைத் துப்பியதா?' என்று ஒரு வரி அதில் உண்டு. அவளே சேர்த்த வரி. முப்பத்தொரு நாய்கள் ஒரு மாதம் துப்பியிருந்தன, மறு மாதம் துப்பவில்லை. துப்பின மாதத்தில்தான் மதிப்பெண்களும் ஏறியிருந்தன. 'உங்களை அடையாளம் காண்கிறதா?' ஆம், ஆம், ஆம்...

துப்பினால் மருந்து என்று வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏறினது மருந்தாலா, ஆசையாலா? இனிமேல் யாராலும் பிரிக்க முடியாது.

திமிர் பிடித்த நாக்கு. அது சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பதினெட்டு சின்னக் குப்பிகளோடு அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். மருத்துவமனை வரவேற்பு மேசை அக்காதான் எண் போட்டு ஊற்றித் தந்தாள். எதில் எது என்று அக்கா மடித்துக் கொடுத்த சீட்டில்தான் இருந்தது; கொண்டுபோனவளுக்கே தெரியாது.

வடக்கு ஜன்னலோரம் ஒரே நீளத்துக்கு வெள்ளைக் கோப்பைகள். அவன் கரண்டியால் எடுத்து, காதைக் கிழிக்கிற சத்தத்தோடு உறிஞ்சி, துப்பினான். ஒவ்வொரு குப்பிக்கும் வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் இடைவெளி.

"உங்க வீட்ல சாப்பாட்டுக்கு யாரையாவது கூப்பிட்டா ஓடிடுவாங்க."

"அதான் இன்னும் கல்யாணம் ஆகலை."

"நான் கேட்கலையே."

"தகவலுக்குச் சொன்னேன்."

அன்று முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். பதினெட்டும் சரி. அக்காவின் சீட்டை மறுபடி மறுபடி சரிபார்த்தாள். இரண்டு வருடம்...

அவன் ஜெயித்த முகம் காட்டவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"முதல் பாட்டில் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? அந்த மாசம் நான் கதவைத் திறந்தப்போ, யாருன்னு தெரிஞ்சு வந்தார். நானா கற்பனை பண்ணலை."

"கிடைக்காது."

"அவருக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தா அதிகம்."

"அது வேலை செய்யுதான்னு எனக்குத் தெரியாது. கெடுதல் பண்ணுதான்னும் முழுசாத் தெரியாது. தெரியாததை மருந்துன்னு குடுக்க மாட்டேன்."

அவன் குரல் ஏறியது. "உங்க வீட்ல ஒருத்தருக்கு இப்படின்னா இதே மாதிரி சட்டம் பேசுவீங்களா?"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"எங்க அப்பா மூணு மாசமா என்னை 'மேடம்'னு கூப்பிடுறார். அம்மா தினமும் கேட்கிறா, ரெண்டு சொட்டு கொண்டுவாடின்னு. குடுக்கலைன்னு என்கூடப் பேச்சையே குறைச்சுட்டா. அந்த இலைச் சாறு என் மேசைக்குக் கீழ, கை எட்டுற தூரத்துல இருக்கு." நிறுத்தினாள். "குடுக்கலை. நல்லது பண்ணும்னு ஆசை மட்டும்தான் இருக்கு. ஆசையைச் சொட்டுக் கணக்குல ஊத்த முடியாது."

ஜன்னலில் மழை வழிந்தது. அவன் புதிதாகத் தேநீர் ஊற்றினான். பிறகு ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளினான்.

"இது கசக்காது. குடிங்க."

நடந்ததை அவள் சொன்னபோது பேராசிரியர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"டீ குடிக்கிறவன் நாக்கை நம்பி ரெண்டு வருஷத்தைத் தூக்கிப் போடுவியா?"

"நாக்கை நம்பலை சார். முப்பத்தொரு நாய் துப்பினதை நம்புறேன்."

"அடுத்த மாசம் நீ ஆய்வேட்டைக் குடுத்தா டாக்டர் பட்டம். துப்பினதைப் பத்தி எந்தத் தேர்வாளரும் கேட்கப்போறதில்லை."

"நான் கேட்டுட்டேனே சார்."

"உன் இடத்துல வேற பொண்ணா இருந்தா என் கால்ல விழுந்திருப்பா."

"நான் விழலை. இதையெல்லாம் எழுதி நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

சிரிப்பு நின்றது. மூன்று வாரம் அவர் முகம் கொடுக்கவில்லை. குழு மட்டும் பதில் எழுதியது: கண்டுபிடிக்க முடியாத போலி மருந்தை முதலில் செய்து காட்டு, மறுபடி ஆரம்பிக்கலாம்.

அந்தக் கடிதத்தோடு அவன் வீட்டுக்குப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"உங்க நாக்கை ஏமாத்தணும்."

"அது நடக்காது."

"நீங்களே சொல்லித் தரணும்."

அவன் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான். பெரியவர் சுவரிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

ஐந்து வாரம். வேர்கள், பட்டைகள், ஆறிப்போன தேயிலைச் சாறு... அவள் கலந்தாள், அவன் துப்பினான். "சீக்கிரம் ஓடுது." "முன்பக்கமே நின்னுடுது." "இது மருந்தே இல்லை, தண்டனை." சண்டை போட்டார்கள். ஒரு நாள் அவள் பெரியவர் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். கோபத்தில்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து மறுபக்கம் நின்றான். மூன்று பேரும் சுவரையே பார்த்தார்கள்.

ஆறாவது வாரம் அக்கா மறுபடி பதினெட்டு குப்பி ஊற்றினாள். அவன் ஆறாவதில் கண்ணை மூடினான். பத்தாவதில் நெற்றி வேர்த்தது. பதினெட்டாவதைத் துப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"தெரியலை."

அந்த ஒரு வார்த்தையை அவன் தொழிலில் யாரும் சொல்லமாட்டார்கள். அவன் அதை அவளிடம் சொல்லிவிட்டு, தோற்ற முகமே இல்லாமல் நின்றான். அவன் ஊகித்துச் சொன்னதைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள். எட்டு சரி, பத்து தப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே அவ்வளவு வரும். அவளுக்கு இப்போதுதான் கண் கலங்கியது. சனியன் பிடித்த கண்.

மறுநாள் பேராசிரியர் ஒரு படிவத்தை நீட்டினார். போலி மருந்து செய்ய உதவிய வெளியாள் பற்றியது. 'இந்த நபருடன் ஆய்வாளருக்குத் தனிப்பட்ட உறவு உண்டா?'

"இல்லைன்னு போடு. திங்கட்கிழமை ஆரம்பிச்சுடலாம். ஆம்னு போட்டா வேற ஒருத்தரை வச்சு எல்லாத்தையும் மறுபடி சோதிக்கணும், ரெண்டு மாசம் போகும். உங்களுக்குள்ள அப்படி ஒண்ணும் இல்லையே?"

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தாள்.

அவன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் கண் முன்னாலேயே 'ஆம்' கட்டத்தில் அழுத்தி டிக் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்தது.

அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"ரெண்டு மாசம் போகுமே..."

"போகட்டும். ஒரு தடவை தெரியாம தப்பா ஆரம்பிச்சேன். தெரிஞ்சே தப்பா ஆரம்பிக்க மாட்டேன்."

"உங்க சார் கத்துவார்."

"கத்தட்டும்."

"எனக்கு இதுல சம்மதமான்னு கேட்கலையே?"

"அதுக்குத்தான் கீழ ஒரு கட்டம் இருக்கு. 'உறவின் தன்மை.' உங்க கையால நிரப்பணும்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். கோப்பை கோப்பையாக ருசிக்கு வார்த்தை தேடுகிறவன்... எழுத வார்த்தை இல்லாமல் நின்றான். பிறகு அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"மெதுவாத்தான் வந்தது. பின்னால போய் உட்கார்ந்துடுச்சு. எழுந்திருக்க மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"சுவர்ப் பக்கம் நின்னப்போ ஒரு குரல் கேட்டுச்சே... ரெண்டு பேர்ல யாருக்கு வைத்தியம்னு. அன்னிலேர்ந்து."

அவள் விரலால் அந்தக் கட்டத்தைத் தட்டினாள்.

"அப்படியே எழுதுங்க."