கூட்டிய வீடு

தூசி உறிஞ்சும் ஹூவரை நிறுத்திய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை.

மேரிறோஸ் பிளக்கையே கழற்றிப் பார்த்தாள். நாலு மணிக்கே கவிந்துவிட்ட மார்கழி இருட்டில், மோர்டனில் இருந்த அவர்களுடைய வீட்டின் முன்னறைக்கு மேலே எங்கோ, சின்ன இயந்திரம் ஒன்று மூச்சுத் திணறி ஓடுவதுபோல அது கேட்டுக்கொண்டே இருந்தது. சூடான தூசி மணத்தோடு, ஃபிரீசரைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மணமும் கலந்திருந்தது.

அவள் கணவன் பாஸ்கரன் கனடாவின் வடதுருவ ஊர்களில் ஜெனரேற்றர் திருத்தப் போய் மூன்று மாதம். இன்று மூன்று மணிக்கு ரெசொலூட் விமான நிலையத்திலிருந்து போன் எடுத்திருந்தான்.

"ஏறப்போறன், றோஸ். கிறீஸ் ஃபியோர்ட்டில ஒரு வேலை. அதோட வீடுதான். நான் இறங்குமட்டும் கூட்டிப்போடாதை."

"தங்கச்சி கோசிகா பிள்ளையளோட வாறாள். வீடு குப்பையாக் கிடக்கு. கெதியா இறங்குங்கோ."

"பைலட்டிட்டைச் சொல்லுறன், வீட்டம்மா தும்புத்தடியோட நிக்கிறா எண்டு."

சிரித்துக்கொண்டே வைத்தான்.

பயணம் போனவர் போய்ச் சேருமுன் வீட்டைக் கூட்டினால், அவர் திரும்பி வரும் வழியையும் சேர்த்துக் கூட்டிவிடுவோம் என்பார்கள். மணமான நாளிலிருந்து அவள் அதை மீறியதில்லை. இன்றும் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் போனில் தட்டி, தூரமும் நேரமும் பார்த்துவிட்டுத்தான் ஹூவரை எடுத்தாள். முந்நூற்று எண்பத்து நாலு கிலோமீற்றர். அரை மணித்தியாலம். மேலும் கொஞ்ச நேரம் பொறுத்தாள். அழைப்பு வரவில்லை. அங்கே சிக்னல் கிடைக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தாள். அடியில் சிறிய எழுத்து: பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தில்.

காலையில் அவன் அனுப்பிய படத்தில் நின்றதோ, இரண்டு காற்றாடிகள் வைத்த சின்ன விமானம். அதற்கு ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும்.

அவள் கூட்டியபோது அவன் ஆகாயத்தில் இருந்தான். இன்னும் இருக்கிறான்.

"மாதாவே, இறக்கிவிடும்..."

மேலே இரைச்சல் ஒருமுறை விக்கியது. மறுபடி விக்கியது.

நின்றது.

அவனுக்கு அழைத்தாள். மணி போகவில்லை. ஹூவரின் கண்ணாடிக் குடுவையில் தூசி இல்லை. வெள்ளையாக ஏதோ. தொட்டாள். பனி. விரல் சூட்டிலும் கரையவில்லை.

கதவு திறக்கவில்லை. ஆனால், கோடு கோடாய்ச் சுத்தமாகக் கிடந்த கம்பளத்தில் ஒரு சப்பாத்துத் தடம் அழுந்தியது. உறைபனியின் வெண்மை. அடுத்தது. அதற்கடுத்தது.

"இஞ்சருங்கோ?"

தடங்கள் அவளுடைய கால்விரல் வரை வந்தன. நெற்றியில் குளிர்ந்த மூச்சு. கையை நீட்டினாள். வெறும் குளிர்.

"றோஸ்." குரல் மிகத் தொலைவிலிருந்து வந்தது. "வழியைக் காணேல்லை. வீடு எங்க?"

"இஞ்சதான்! இஞ்ச நிக்கிறன்!"

தடங்கள் திரும்பின. சுவர் வரை போயின. முட்டின. திரும்பி அவளைக் கடந்தன. மறு சுவர். மறுபடி. கம்பளம் முழுக்க வெளுத்துக்கொண்டே வந்தது.