கதவு சாத்தியிருந்தால் ஆபீஸ்

லேப்டாப்பைத் திறந்து ப்ரவுசரைத் தொட்டதும், யார் பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற கேள்வி வழக்கம்போல் திரையின் நடுவில் வந்து நின்றது. அதற்குக் கீழே எப்போதும் இரண்டு வட்டங்கள்தான் இருக்கும். அன்று மூன்று இருந்தன. நீல வட்டம் ‘வேலை’, பச்சை வட்டம் ‘வீடு’. மூன்றாவது சாம்பல் நிறம். பெயரும் இல்லை, படமும் இல்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வீட்டில் அவளுடைய லேப்டாப்பைத் தொடும் தைரியம் யாருக்கும் கிடையாது.

அந்த இரண்டு வட்டங்களும் சும்மா வந்தவை அல்ல. காப்பீட்டுக் கம்பெனிக்கு வரும் விபத்து விண்ணப்பங்களை வீட்டிலிருந்தே படித்துப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று எழுதுவது அவள் வேலை. பெரும்பாலும் இல்லை என்றே எழுதுவாள்; அதனாலேயே அவளுக்கு நல்ல பெயர். எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் திறந்து கிடந்த காலத்தில், மகளின் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் குழுவுக்கு மகள் வரைந்த பூனைப் படத்தை அனுப்பப் போனவள், நசுங்கிப்போன ஒரு காரின் படத்தை அனுப்பிவிட்டாள். காருக்குள் ஆள் இருந்தார். அம்மாக்கள் சும்மா விடுவார்களா? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். அன்றைக்கே ஆபீசின் கணினிப் பையனிடம் கேட்டு, வேலைக்கு ஒரு ப்ரொஃபைல், வீட்டுக்கு ஒரு ப்ரொஃபைல் என்று வெட்டிப் பிரித்துவிட்டாள்.

லேப்டாப்போடு விட்டிருக்கலாம். மகாராணி, வீட்டையும் பிரித்தாள். பின்பக்கத்துச் சின்ன அறை வேலை, மற்றதெல்லாம் வீடு. ஏழு வயது மகளை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாண்டை முன்னால் நிறுத்திவைத்து, விரலை ஆட்டி ஆட்டிச் சட்டம் சொன்னாள்.

“கதவு சாத்தியிருந்தா உள்ள அம்மா கிடையாது. புரிஞ்சுதா? அது ஆபீஸ். ஆபீஸ் கதவ யாராவது தட்டுவாங்களா?”

“மாட்டாங்க.”

“தட்டினாலும் திறக்க மாட்டேன்.”

சொன்னபடி திறக்கவில்லை. முதல் வாரம் வாண்டு தட்டிப் பார்த்தது, அழுது பார்த்தது. அப்புறம் இரண்டையும் விட்டுவிட்டது. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்போது மூன்றாவது வட்டத்தைப் பார்த்ததும் அதே கணினிப் பையனுக்குப் போன் போட்டுக் கத்தினாள். அவன் தன் இடத்திலிருந்தே அவள் திரையைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடாத குறையாகச் சொன்னான்.

“மேடம், எனக்கு ரெண்டுதான் தெரியுது.”

“கண்ணத் திறந்து பாருப்பா. சாம்பக் கலர்ல ஒண்ணு இருக்கு.”

“சத்தியமா ரெண்டுதான் மேடம்.”

போனை வைத்துவிட்டுச் சாம்பல் வட்டத்தைத் தானே திறந்தாள். வெறும் வெள்ளைப் பக்கம். மெயில் இல்லை, கடவுச்சொல் இல்லை. எதையோ தேடிய தடம் மட்டும் இருந்தது. குழந்தைக்கு இரட்டைச் சடை பின்னுவது எப்படி. குழந்தை எந்தப் பாட்டுக்குச் சிரிக்கும். அழுகிற குழந்தையை எப்படித் தூக்க வேண்டும். மூன்றும் நேற்று மாலை தேடியவை. நேற்று மாலை முழுக்க அவள் இதே நாற்காலியில், நீல வட்டத்துக்குள், தீப்பிடித்த ஒரு கிடங்கின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூடத்துத் தரையில் வாண்டு நகப்பூச்சு பாட்டிலை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. தலையில் இரட்டைச் சடை, நுனிவரை இழுத்துப் பின்னி ரிப்பன் கட்டியது. காலையில் அவள் வாரிவிட்டது ஒற்றைக் குதிரைவால்.

“யாருடி பின்னிவிட்டது?”

“நீதான்மா.”

“பொய் சொன்னா பல்லைப் பேத்துடுவேன்.”

வாண்டு பயப்படவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பாட்டிலை நீட்டியது. “காலக் காட்டும்மா, சிவப்பு பூசி விடறேன்.”

“அப்புறம்டி. வேலை இருக்கு.”

“போன தடவயும் அப்புறம்னு சொன்ன,” என்றது வாண்டு, பாட்டிலைத் திரும்பவும் உருட்டிக்கொண்டே.

அவள் அறைக்குத் திரும்பினாள். சடையைப் பக்கத்து வீட்டுப் பெண் யாராவது பின்னியிருப்பாள், தேடியதெல்லாம் ஏதோ வைரஸ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அறையில் ஒரு வாடை; நாளெல்லாம் ஓடிய மின்விசிறி மோட்டாரில் தூசி கருகுகிற வாடை. லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. வாடை அதிலிருந்து வரவில்லை, கதவின் பக்கமிருந்து வந்தது.

மறுநாள் மழை. வேலையின் நடுவே, மழைச் சத்தத்துக்கு அடியில், கூடத்திலிருந்து வாண்டு சிரிப்பது கேட்டது. யாராவது கிச்சுக்கிச்சு மூட்டினால் மூச்சு வாங்க வாங்கச் சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. கூடவே இன்னொரு குரல், தணிந்த குரல், பாடுகிற குரல். அவள் கதவை வெடுக்கென்று திறந்தாள். வாண்டு தனியாக உட்கார்ந்திருந்தது. எதிரே ஒரு மெத்தை, நடுவில் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். கையை வைத்துப் பார்த்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

“யாருடி இங்க இருந்தது?”

“கத்தாத. உள்ள போ,” என்றது வாண்டு. “நீ ஆபீஸ்.”

கணவனுக்குப் போன் செய்தாள். அவன் ரயில் பாதையில் சிக்னல் பார்க்கிறவன். அந்த வாரம் முழுக்க இரவு டூட்டி, ஸ்டேஷனிலேயே தூக்கம். அவள் வாயைத் திறக்கும் முன் அவனே சிரித்தான்.

“என்னம்மா, ரெண்டு நாளா ஒரே பாசமா இருக்கு? மெசேஜ் மேல மெசேஜ். கல்யாணமான புதுசுல கூட நீ இப்படி எழுதினதில்ல.”

“நான் எதுவும் அனுப்பலங்க.”

“சரி சரி, வெக்கப்படாத. இப்படியே இரு. நல்லா இருக்கு.”

அவன் வைத்துவிட்டான். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சுட்டது. வந்திருப்பது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். என் குழந்தையைத் தொட அது யார்? என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைவிட நல்லவள் என்று பெயர் வாங்க அது யார்? பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வட்டத்தை அழித்தால் சனியன் தொலையும்.

ப்ரவுசர் திறந்தது. சாம்பல் வட்டம் இல்லை.

நீலம் ஒன்று. பச்சை இரண்டு.

இரண்டுக்கும் ‘வீடு’ என்றே பெயர். இரண்டையும் திறந்து பார்த்தாள். அதே மெயில், அதே பள்ளிக் குழு, அதே கடவுச்சொற்கள், மயிரிழை வித்தியாசம் இல்லை. படமும் ஒன்றேதான், அவளும் வாண்டும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நிற்கும் படம். கண்ணைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள். இல்லை, ஒன்றல்ல. ஒரு படத்தில் வாண்டு பல் தெரியச் சிரித்தது. இன்னொன்றில் வாயை இறுக மூடிக்கொண்டு உர்ரென்று நின்றது.

எது தன்னுடையது? படம் எடுத்த அன்றைக்குப் பிறகு அதை அவள் ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருந்தால்தானே தெரியும். யோசித்தாள். எந்தக் குழந்தை அம்மாவை ஒட்டிக்கொண்டு மூஞ்சியை அப்படி வைத்திருக்கும்? போலி அதுதான். என் குழந்தை என் பக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் நின்றிருக்கும்.

உர்ரென்ற படத்தின் மேல் அம்பை வைத்து நீக்கு என்று அழுத்தினாள். இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், திரும்பப் பெற முடியாது என்றது திரை. நிச்சயமா என்று கேட்டது.

அழுத்தினாள்.

வட்டம் மறைந்தது. அந்த நொடியில்தான் நினைவு வந்தது. வாண்டுக்கு முன்பல் விழுந்திருந்த வாரம் அது. ஓட்டைப் பல் தெரியும், சிரிக்க மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுததே. அழாம நில்லுடி, லேட்டாகுது என்று அதட்டித்தானே அந்தப் படத்தை எடுத்தாள்.

ஐயோ.

திரையில் மிச்சமிருந்த பச்சை வட்டமும் மெல்ல மங்கி அணைந்தது. நீலம் மட்டும். புது விண்ணப்பங்கள் வந்து விழுந்தபடி இருந்தன. நசுங்கிய கார்கள். எரிந்த வீடுகள்.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி திரும்பவில்லை. கருகல் வாடை மூக்கை அடைத்தது. இப்போது அது அவள் கைகளிலிருந்து வந்தது, முடியிலிருந்து வந்தது. கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் அடித்தாள். வாண்டு, வாண்டு என்று கத்தினாள்.

வெளியே கேட்டுக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

“அம்மா, உள்ள யாரோ தட்றாங்க.”

“நான் இங்கதானே இருக்கேன்?” அவளுடைய குரல். அவள் ஒருநாளும் பேசாத அளவுக்குக் கனிவாக. “அது ஆபீஸ்டி செல்லம். தட்டினாலும் திறக்கக் கூடாது.”

“தெரியும்மா. திறக்க மாட்டேன்.”

அவள் தரையில் படுத்தாள். கன்னத்தைத் தரையோடு வைத்து, கதவின் அடியிடுக்கில் பார்த்தாள். கூடத்து வெளிச்சத்தில் வாண்டின் சின்னப் பாதங்கள் தெரிந்தன. அவை திரும்பின. துள்ளிக்கொண்டு ஓடிப்போயின.

பெரிய பாதங்கள் போகவில்லை. கதவை ஒட்டி நின்றன. அவளுடைய பாதங்கள், அதே வளைந்த சுண்டுவிரல், கணுக்காலில் அதே தழும்பு. விரல்களில் மட்டும், நகத்தை விட்டு வெளியே வழிந்து தோலெல்லாம் அப்பி, ஒரு சின்னக் கை ஆசை ஆசையாகப் பூசிய சிவப்பு. இன்னும் காயவில்லை.