பதினொரு சுற்று ஓடிய புது பேட்டரி

அவன் கண் விழிப்பதற்கு முன்பே இடுப்பு வலி விழித்துக்கொள்ளும். பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கிய முதுகு. இனி ஐந்து கிலோகூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கிடங்கின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வந்த மூட்டை, போன மூட்டை என்று லேப்டாப்பில் பதிகிற வேலை. அந்த நாற்காலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

அன்று காலை ஆறு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தவன் சிவப்பு விளக்கைத்தான் பார்த்தான். முந்தின நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு நூறு சதவீதம் ஏற்றி, அணைத்து, இரும்பு அலமாரியில் பூட்டிவிட்டுப் போயிருந்தான். உப்பிப்போன பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிது போட்டுப் பதினொரு நாள்தான் ஆகிறது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மறுபடியும் கரண்ட் போய்ப் பதிவு அழிஞ்சுதுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. பழையபடி மூட்டைக்கே போயிடு."

பேட்டரி மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கைப் போனில் பிடித்தான்.

"சுத்தமா இறங்கிக் கிடக்கு தம்பி. புதுசுன்னுதானே போட்ட?"

"சீல் உடைச்சதே உங்க கண்ணு முன்னாலதாண்ணே. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கக் காட்டிக் குடுத்தேன்ல, அதுல என்ன இருக்குன்னு படிங்க."

"கம்பெனி சொன்ன கொள்ளளவு நாப்பத்திரண்டாயிரம் மில்லிவாட் அவர். இப்ப பிடிக்கிறது முப்பத்தாறாயிரம். சுற்று பதினொண்ணு."

"பதினொரு நாள்ல பதினொண்ணா? ஒரு சுற்றுன்னா முழு சார்ஜும் இறங்கித் தீர்ற அளவு உழைச்சிருக்குன்னு அர்த்தம். மாடா இருந்தா இந்நேரம் படுத்திருக்கும்ணே."

"நான் சார்ஜர்ல போட்டுத்தானப்பா வேலை பாக்கறேன்."

"அப்ப அதுக்கு அளவு தெரியல. புது பேட்டரிக்கு இது சகஜம். நூறு ஏத்தி, சார்ஜரைக் கழட்டி, தானா அணையற வரைக்கும் விடுங்க. பூஜ்யம் எதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு நூறு எதுன்னு தெரியும்."

போனை வைத்துவிட்டு ரிப்போர்ட்டைக் கீழே தள்ளினான். தினசரி ஓட்டம் வரிவரியாக இருந்தது. மதியம் பன்னிரண்டு முதல் மாலை ஆறு வரை, பேட்டரியில், இயக்கத்தில். பதினொரு நாளும் அதே நேரம், லேப்டாப் அலமாரியில் பூட்டிக் கிடந்த நேரம். ஒவ்வொரு நாளும் ஒரு சதவீதத்தில் வந்து நின்றிருந்தது.

பன்னிரண்டிலிருந்து ஆறு என்பது மதிய ஷிப்ட். கிடங்கில் இப்போது மதிய ஷிப்டே கிடையாது. நான்கு மாதத்துக்கு முன்னால் மச்சினன் செத்ததோடு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு முறை அவனுடையது. முதுகு நிமிராததால் மனைவியின் தம்பி அவனுக்குப் பதிலாகப் போனான். ஆளுக்கு நூறு மூட்டை. நூறாவது மூட்டையோடு ஏறும்போது அடுக்கு சரிந்து அவன் கழுத்தில் விழுந்தது. அதற்காகக் கம்பெனி கொடுத்ததுதான் இந்த நாற்காலி. அவனுக்கு அழுகை வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல அந்த நாளை அவ்வப்போது கிள்ளிப் பார்ப்பான். ஒன்றும் உறைக்காது.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் போனார்கள். அவன் சார்ஜரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

வெயிலில் தகரக் கூரை விரிந்து டக் டக்கென்று சொடுக்கிக்கொண்டிருக்க, காற்றுத் துளைகள் வழியே சாய்ந்து இறங்கிய வெளிச்சத்தில் சாக்குத் தூசி மேலும் போகாமல் கீழும் வராமல் தொங்க, பழைய தானியத்தின் புளித்த வாசனை கண்ணாடிக் கதவின் இடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து அவன் சட்டையில் உட்கார்ந்தது. தொண்ணூற்றொன்பது என்று திரை காட்டியபோது, கிடங்கின் கடைசியில் எங்கோ ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. எலி தள்ளியிருக்கும் என்று நினைத்தான். தொண்ணூற்றெட்டு. தொப். எண்ணிப் பழகிய காது, வேண்டாமென்றாலும் எண்ணியது. ஒரு மூட்டைக்கு ஒரு சதவீதம்.

மூன்று மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

"சோறு ஆறிப்போச்சு. எங்க இருக்கீங்க?"

"பேட்டரி இறங்கணும்."

"அது இறங்கறதுக்கு நீங்க எதுக்குக் காவல்?"

அவன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். அவளும் வைக்கவில்லை. பின்னால் தொப்பென்று விழுந்தது.

"யாரோ லோடு இறக்கறாங்களா?" என்றாள்.

"ஆமா," என்றான்.

பயம் வந்திருக்க வேண்டும். அவன் காத்திருந்தான். வரவில்லை. எழுந்து போகலாம். லேப்டாப்பை அப்படியே விட்டுப் போனால் நாளைக்கு நாற்காலி இருக்காது. உட்கார்ந்தே இருந்தான்.

ஐந்தரைக்கு வெளிச்சம் மங்கியது. பத்து சதவீதம். இப்போது நடையும் கேட்டது. பாரம் சுமந்தவனின் நடை. சின்னச் சின்ன அடிகள். குதிகால் படாத ஓட்டம். வியர்வை வாசனை.

நான்கு.

மூன்று. இன்னும் பக்கத்தில்.

இரண்டு.

ஒன்று.

தொண்ணூற்றொன்பதாவது மூட்டை விழுந்தது. நூறாவது விழவில்லை. நடை நின்றது. திரை அணையவில்லை. ஆறு மணி. ஆறேகால். ஒன்று.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஆள் குனிந்து நின்றான். முதுகில் மூட்டை. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு. தலை நெஞ்சின் மேல் கவிழ்ந்து கிடந்தது. மூச்சு இல்லை. கண்ணாடியில் ஆவி படியவில்லை. எந்தச் சுமைக்காரனும் அப்படி நிற்பது ஒரே காரணத்துக்குத்தான். மாற்று ஆள் வந்து முதுகைக் கொடுப்பதற்கு.

தொண்ணூற்றொன்பது மச்சினன் சுமந்தாயிற்று. அவனுக்கு இவன் பட்ட கடன் ஒரு மூட்டை.