வெங்காயத்தோல் வைத்த தங்கம்

கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடிப்படி முடிகிற இடத்தில் இருந்த அந்த ஒற்றை அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. உள்ளே சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடப்பவர் நிதானம் என்பதும், ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருப்பவர் அவசரம் என்பதும் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அவர்களுக்கே மறந்திருக்கும்.

அவசரம், நிதானத்தின் மனைவிக்குத் தம்பி. பார்த்த வேலைகளையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் துப்பறிய வந்தவர். மாமா கண்ணை மூடினால் யோசிக்கிறார், குறட்டை விட்டால் முடிவுக்கு வந்துவிட்டார் என்பதுதான் இத்தனை நாளில் அவர் கற்றுக்கொண்ட பாடம்.

அன்று காலையிலிருந்தே மழை. எதிர்க் கட்டடம் பாதி கரைந்துபோனதுபோல் மங்கலாகத் தெரிந்தது. அந்த மங்கலுக்குள்ளிருந்து வந்தவள்போல ஒரு பெண் குடையை மடக்கியபடி உள்ளே வந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை என்றாள். பிறகு, "சார், என் வீட்டை இடிக்கப் போறாங்க" என்றாள்.

"யாரு, நகராட்சியா?" என்றார் அவசரம்.

"இல்ல. நீலஏரி."

அவசரம் துள்ளி எழுந்தார். "நீலஏரியா? நானும் அங்கதானே குடியிருக்கேன்! மாமா, அது ஒரு விளையாட்டு. கம்ப்யூட்டர்ல, போன்ல ஊரே சேர்ந்து விளையாடுறது. ஏரியில மீன் பிடிக்கலாம், சந்தையில வித்துத் தங்கம் சேர்க்கலாம், கரையில வீடு கட்டலாம்."

"தங்கம்னா?"

"விளையாட்டுத் தங்கம்தான். ஆனா திருட்டுத்தனமா நெசக் காசுக்கு விக்கிற கும்பல் இருக்கு. வித்தாலும் குத்தம், வாங்கினாலும் குத்தம். பிடிச்சா கணக்கையே மூடிடுவாங்க."

"என் கணக்கைத்தான் மூடிட்டாங்க" என்றாள் அவள். "நான் வாங்கவே இல்ல சார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கலேன்னா வீட்டையும் இடிச்சிடுவாங்க. சிரிக்காதீங்க. விவாகரத்துக்கு அப்புறம் ஒரு வாடகை ரூம்ல இருக்கேன். ஒரு ஆணி அடிக்கணும்னாக்கூட வீட்டுக்காரரைக் கேக்கணும். என் பேர்ல இருக்கிற ஒரே வீடு அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. நிதானம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்வது அபூர்வம்.

அவள் சொன்னது இதுதான். வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து, எது குறைகிறதோ அதற்கான தங்கம் வாசல் பெட்டியில் வந்து கிடந்தது. சுவருக்கு ஒருமுறை, ஜன்னலுக்கு ஒருமுறை. வைத்துவிட்டுப் போனவர்கள் ஒவ்வொரு தடவையும் புதிய ஆட்கள். மயில்கழுத்து என்று ஒருவர், கத்தரிப்பூ என்று ஒருவர், கடைசியாக வெங்காயத்தோல். கொடுத்தபின் அந்தப் பெயரில் யாரும் ஏரிப்பக்கம் தலைகாட்டியதில்லை. ஏரியே பரிசு கொடுக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"திருட்டுத் தங்கம் இப்படித்தான் கைமாறும் மாமா" என்றார் அவசரம். "புது ஆள் வருவான், வைப்பான், மாயமாயிடுவான்."

"கம்பெனியும் அதையேதான் சொல்றாங்க. கடைசியா வெங்காயத்தோல் எழுதிவச்ச வரியைத்தான் சாட்சியாக் காட்டுறாங்க." அவள் கைபேசியை நீட்டினாள். அவசரம் உரக்கப் படித்தார்:

"கூரைக்கு இது போதும். கொஞ்சம் உள்ளே விட்டிருக்கேன். பின்னாடி வேணும்னா பிரிச்சுக்கோ."

"கையும் களவுமா!" என்றார் அவசரம். "கும்பலுக்குள்ள பங்கு பிரிக்கச் சொல்றான்."

"குடும்பத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் சும்மா குடுத்துக்கலாமாம், அது தப்பில்லையாம். அதிகாரி கேட்டார். எனக்குத்தான் குடும்பமே இல்லையேன்னேன்."

நிதானம் அவளுடைய இடுப்புப் பக்கம் பார்த்தார். வெளுத்துப்போன நீலக் குர்த்தியின் இரண்டு ஓரங்களிலும் வெளுக்காத நீலம் பட்டையாக ஓடியது. அதை ஒட்டி ஊசித்துளைகள் வரிசையாக இருந்தன. புது மாதிரி டிசைன் போலிருக்கிறது என்று அவசரம் நினைத்துக்கொண்டார்.

"இது எங்கேம்மா தைச்சது?"

"பழைய வீட்ல. அத்தை தைச்சது, என் புருஷனா இருந்தவரோட அம்மா." அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

"அந்த வீட்ல யாராவது இதை விளையாடுவாங்களா?"

"மூணு பேரும் விளையாடுவோம். இப்ப அவர் வேற ஊருக்குப் போயிட்டார். அவர் வேலைன்னு நினைக்கிறீங்களா? எனக்கு எங்க ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கிறவர் மேலதான் சந்தேகம். தங்கம் வேணுமா, மலிவா வாங்கித் தர்றேன்னு முன்னாடி ஒரு தடவை கேட்டார்."

பழைய வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு நிதானம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவசரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூலையில் உட்கார்ந்து தன் கணக்கில் நீலஏரிக்குள் போனார். அங்கே எப்போதும் விடிவதற்குச் சற்று முந்தைய வெளிச்சம்தான். தண்ணீர்மேல் பனி படுத்திருந்தது. தூண்டில்காரர்கள் அசையாமல் நின்றார்கள். அவள் வீடு கரையோரமாக, புதுக் கூரையுடன் அழகாகத்தான் இருந்தது. கதவில் சிவப்பு முத்திரை. போகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். வெளியே பெய்யும் மழையின் சத்தம் ஏரியிலிருந்தே வருவதுபோல் இருந்தது. எந்தப் பக்கம் நெசம் என்று அவசரத்துக்கே ஒரு நொடி குழம்பிவிட்டது.

"மாமா, யோசிச்சுப் பார்த்தேன்" என்று திரும்பினார். "மயில் ஒரு பறவை. மத்த ரெண்டும் காய்கறி. இது நிச்சயம் சமையல்காரன் வேலை. ஆஸ்பத்திரி கேன்டீன்ல விசாரிச்சா..."

பதிலாக ஒரு குறட்டை வந்தது. அவசரம் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

எழுந்த நிதானம் சட்டையில் ஒரு பொத்தானைத் தொட்டுப் பார்த்து, "இது ஆடுது. வாங்க, போய்த் தைச்சுட்டு வந்துடலாம்" என்றார்.

மூவரும் மழையில் நடந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த தெரு திரும்பியதும் அவளுடைய நடை தளர்ந்தது. "சார், இங்க வேண்டாமே" என்றாள். நிதானம் காதில் விழாதவர்போல் பழைய வீட்டை ஒட்டிய ஒரு தையல் கடை வாசலில் நின்று குடையை உதறினார்.

உள்ளே தையல் இயந்திரத்தின் முன் ஓர் அம்மாள். கழுத்தில் அளவு நாடா. நூல்பெட்டியின்மேல் சாய்த்து வைத்த கைபேசி நீலமாக ஒளிர்ந்தது. வந்தவர்களில் மூன்றாவது ஆளைப் பார்த்ததும் அவர் கை சட்டென்று அந்தக் கைபேசியைக் கவிழ்த்தது.

"பொத்தான் தைக்கணும்மா" என்று நிதானம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "அது வரைக்கும் ஒரு கதை சொல்றேன். ஒரு பொண்ணு வீடு கட்டுறா. யாரோ தங்கம் கொண்டுவந்து வைக்கிறாங்க. விக்கிறவனா இருந்தா காசு கேட்டிருப்பான். இவகிட்ட யாரும் கேக்கல. அதனால லேப்காரரை விட்டுட்டேன். மாட்டிவிடணும்னு வைக்கிறவனா? அவன் எதையாவது வச்சுட்டுப் புகார் குடுத்திருப்பான். சுவர் முடிஞ்சுதா, கூரை ஒழுகுதான்னு பார்த்துப் பார்த்து வைக்க மாட்டான். அப்போ இது பிரியம் உள்ள யாரோ. ஆனா முகத்தைக் காட்டக் கூச்சப்படுற யாரோ."

அம்மாள் பொத்தானுக்காக ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார். நூல் ஊசிக்குள் போகவில்லை.

"அப்புறம் அந்தப் பேரெல்லாம். என் மச்சினன் பறவை, காய்கறின்னான். துணி எடுக்கப் போறவங்களுக்குத்தான் தெரியும், மயில்கழுத்து, கத்தரிப்பூ, வெங்காயத்தோல் எல்லாம் கலர். மேட்ச்சா நூல் தேடுறவங்க வாயில நாள் முழுக்க இருக்கிற கலர்." நிதானம் நூல்பெட்டியைக் காட்டினார். "கடைசியா ஒரு வரி. 'கொஞ்சம் உள்ளே விட்டிருக்கேன். பின்னாடி வேணும்னா பிரிச்சுக்கோ.' கம்பெனிக்காரங்க பங்கு பிரிக்கிறதுன்னு நினைச்சாங்க. தைக்கிறவங்க எப்பவுமே அளவுக்கு மேல கொஞ்சம் துணியை உள்ள விட்டுத்தான் தைப்பாங்க. உடம்பு போட்டா தையலைப் பிரிச்சுப் பெருசு பண்ணிக்கலாம்னு. இந்த அம்மா கூரைக்கு வேணுங்கிறதுக்கு மேலயே கொஞ்சம் தங்கம் வச்சிருக்காங்க. அதைத் தங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லியிருக்காங்க."

எக்ஸ்ரே பெண்ணின் கை தானாக இடுப்போரத்துக்குப் போனது. பிரித்து விட்ட தையலை விரல் தடவியது.

"பதிலை உடுத்திக்கிட்டேதான் படியேறி வந்தீங்க" என்றார் நிதானம் அவளிடம். பிறகு அம்மாளைப் பார்த்து, "அடுத்தது எந்த நூல்?"

"மாந்துளிர்னு நினைச்சிருந்தேன்" என்றார் அம்மாள் மெதுவாக. "கடையில ஆள் இல்லாதப்போ மீன் பிடிப்பேன். இவதான் கத்துக்குடுத்தா. வீடு கட்டுறான்னு கரையில நின்னு பார்த்தேன். என் பேர்ல குடுத்தா வாங்கிக்குவாளா? என் பையன் பண்ணினதுக்கு நான் எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது? அதான் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு ஆளாப் போனேன். இதனால வீடே போயிடும்னு சத்தியமாத் தெரியாது."

பெண்ணின் பார்வை நூல்பெட்டிக்குப் போய் அம்மாளிடம் திரும்பியது. கோபமா அழுகையா என்று அவசரத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

நிதானம் நிறுவனத்து அதிகாரிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஆமா, கும்பல்காரங்க மாதிரி ப்ரோக்ராம் வச்சு இல்ல, கையாலதான் மீன் பிடிச்சிருக்காங்க. நடுநடுவுல தூண்டிலை விட்டுட்டு எங்கயோ போயிடுறாங்க" என்றார் அதிகாரி. கஸ்டமர் வருகிற நேரம் என்று அவசரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். "அத்தனை பேர்ல கணக்கு வச்சுக்கக் கூடாது. ஒண்ணை விட்டுட்டு மத்ததை மூடிடுவேன். சரி, இப்ப அந்தப் பொண்ணு சொல்லட்டும். குடும்பத்துக்குள்ளன்னாத்தான் இதை விட முடியும். தங்கம் குடுத்தவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு உறவும் இல்லேன்னு சொல்லிடும்மா. எனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்காத" என்றார், உதடு மட்டும் அசைய.

பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை" என்றாள்.

அவசரம் வாயைத் திறந்தார். சட்டப்படி இப்போது அது செல்லுமா என்று கேட்கத்தான். நிதானத்தின் செருப்பு அவர் காலை அழுத்தமாக மிதித்தது.

"அத்தைன்னா குடும்பம்தானே. இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் அதிகாரி. "முத்திரையை எடுத்தாச்சு."

கடைப் படியிறங்கும்போது அவசரம் அடக்க மாட்டாமல் கேட்டார். "ஏன் மாமா, அவ சொன்னது நெசமா, பொய்யா?"

"அப்பாவோட அக்காவும் அத்தை, புருஷனோட அம்மாவும் அத்தை. அதுக்கு மேல யாரெல்லாம் அத்தைன்னு எண்ணி முடியுமா? அந்த வார்த்தையில உள்ளே நிறைய விட்டிருக்காங்கடா" என்றார் நிதானம். பொத்தான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவசரம் திரும்பிப் பார்த்தார். மழைக்குப் பின்னால் கடை ஒரு மஞ்சள் கட்டமாகத் தெரிந்தது. கவிழ்த்து வைத்த கைபேசி நிமிர்ந்திருந்தது. அதிலிருந்த நீலம் இரண்டு முகங்களிலும் விழுந்தது. அம்மாள் அவள் குர்த்தியின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் தெருவரை கேட்டது.

"யார் இப்படிக் கோணலாத் தைச்சது?"

"நான்தான்."

"கழட்டிக் குடு. இன்னும் கொஞ்சம் உள்ள இருக்கு."