ஓடைக்கு அக்கரையில் ஒரு வண்டி

"போறது மூணு பேரு, ரெண்டு வண்டி. வாரது மூணு பேரு, மூணு வண்டி! சம்மதமுன்னா கைய வைங்க!"

சுகந்தி இப்படிச் சொல்லிவிட்டு லேத் பட்டறையின் இரும்பு மேசையை ஓங்கித் தட்டினாள். டீ கிளாஸ்கள் துள்ளின. மெக்கானிக் ரஃபீக் உடனே கையை வைத்தான். நூல் மில்லில் வேலை பார்க்கும் தனபால் மட்டும் கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் கையை நீட்டினார்.

அந்த மூன்றாவது வண்டி சுகந்தியின் அண்ணன் பூபதியுடையது. தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத கல்லிலும் மண்ணிலும் ஓடும் உயரமான இருநூறு சிசி வண்டி. போன வருடம் ஆகஸ்டில் அதில் தனியாக இமயமலைக்குப் போனவன், தங்மார் என்ற குக்கிராமத்துக்குக் கீழே ஓர் ஓடையில் விழுந்தான். ஆடு மேய்ப்பவர்கள் அவனை ரோட்டுப் பக்கக் கரையில் இழுத்துப் போட்டார்கள். வண்டியோ ஊர்ப் பக்கம், அக்கரையில் ஒதுங்கியது. ஊர்க்காரர்கள் அதை ஒரு கொட்டகையில் போட்டு வைத்திருப்பதாகத் தகவல் வந்திருந்தது.

முறிந்த கால் சேர்ந்துவிட்டது. மனசுதான் சேரவில்லை. "காலையில அந்த ஓடைய சிரிச்சிட்டே தாண்டினேன். மதியம் திரும்பி வரையில அதே தண்ணியில விழுந்துட்டேன். கை நடுங்கிப் போச்சு சுகந்தி. இனி நமக்கு வண்டி ஆகாது" என்று சொன்னவன்தான், அதற்குப் பிறகு ஒரு சைக்கிளைக்கூடத் தொடவில்லை. காட்டுப் பாதைப் பந்தயங்களில் கோப்பை கோப்பையாக வாங்கி வந்தவன், இப்போது டவுன் பஸ்ஸில் தலையைக் குனிந்தபடி வேலைக்குப் போனான். வண்டி உயிரோடு வந்து வாசலில் நின்றால் அண்ணனும் எழுந்து நிற்பான் என்று சுகந்தி நம்பினாள்.

"இன்ஜினுக்குள்ள தண்ணி போயிருக்கு. ஒரு பனிக்காலம் தாங்கிருச்சு, இன்னொண்ணு தாங்காது" என்றான் ரஃபீக். "பிஸ்டன் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். அப்புறம் காயலாங்கடைதான்."

"அக்டோபர்ல பாதையே மூடிப் போகும். அதுக்குள்ள போயாகோணும்!" என்றாள் சுகந்தி.

உடனே திட்டம் போட உட்கார்ந்தார்கள். லேத்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் அளக்காமல் விடமாட்டார்கள். தலைமுடியைக்கூட மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கிற பரம்பரை! அவர்கள் ஊரான கணபதியில் பத்து வருடமாக லேத் ஓட்டும் சுகந்தி, இருபத்திரண்டு நாள் பயணத்தை நூல் பிடித்தது போல் அளந்தாள். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், கடைசிப் பெட்ரோல் பங்க்குக்குப் பிறகு எத்தனை லிட்டர் கேனில் கட்ட வேண்டும், எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று எல்லாம் தாளில் ஏறியது. போனில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி ஓடையின் அகலத்தைக்கூட அளந்துவிட்டாள். முப்பத்திரண்டு அடி!

சாமான் தலைக்குப் பன்னிரண்டு கிலோ என்று சட்டம் போட்டாள். தனபாலின் மூட்டை தராசில் பத்தொன்பது காட்டியது. பிரித்துப் பார்த்தால் பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, ஊறுகாய், ஒரு சின்னக் குக்கர்!

"அண்ணா, போகும்போது பின் சீட்டுல உக்காரப் போறது நீங்க. நீங்களே எண்பத்தெட்டு கிலோ. இதுல குக்கர் வேறயா?"

"சப்பாத்தியத் தின்னுட்டு இருவத்திரண்டு நாள் என்னால ஆகாது அம்மிணி. வேணும்னா ஜட்டியக் கம்மி பண்ணிக்கறேன்."

கடைசியில் குக்கர் நின்றது, பொடிகள் கிளம்பின.

"ஓடைய எத்தன மணிக்குத் தாண்டறோம்?" என்று கேட்டான் ரஃபீக்.

"மதியம் ரெண்டு மணிக்கு" என்றாள் சுகந்தி சட்டென்று. "விடியக்காலம் எறங்குனா கால் வெறைச்சுப் போகும். மழையும் அப்ப நின்னிருக்கும். நல்ல வெயில் அடிச்சா ஓடை வத்தித்தான கெடக்கும்?"

நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்த மூன்று பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அத்தனையும் அளந்த சுகந்திக்கு இந்த இடத்தில்தான் சறுக்கியது.

செப்டம்பர் முதல் வாரம் புறப்பட்டார்கள். ஏழு நாளில் மூவாயிரம் கிலோமீட்டர்! நாக்பூர் வெயில் முதுகைத் தோலுரித்தது. வடக்கே லாரிகள் புழுதியால் குளிப்பாட்டின. எட்டாம் நாள் தார் முடிந்தது, மலை தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம்! நடுவில் சக்கரத்துக்கு அடியில் உருளும் கூழாங்கற்கள். ஒரு வளைவில் ரஃபீக்கின் கிளட்ச் வயர் அறுந்தது. பழைய வயரோடு சேர்த்துப் புது வயரையும் முன்பே இழுத்துக் கட்டியிருந்ததால் ஐந்தே நிமிடத்தில் மாற்றிவிட்டான். தனபால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டார்.

பத்தாம் நாள் மதியம் இரண்டு மணிக்கு, திட்டத்தில் ஒரு நிமிடம் பிசகாமல், ஓடைக்கரையில் வந்து நின்றார்கள்.

"யா அல்லா!" என்றான் ரஃபீக்.

அது ஓடையா? சேறும் கல்லுமாகக் கலங்கிப் புரண்டு காது கிழிய இரைந்தது வெள்ளம். வானத்திலோ ஒரு மேகம் இல்லை!

"மழையே இல்லாம தண்ணி எங்கிருந்து வருது?" தனபால் வாயைப் பிளந்தார்.

"நான் நடந்து பாக்கறேன். கயித்தப் புடிங்க!" என்றாள் சுகந்தி.

"வேண்டாம் அம்மிணி! சொன்னாக் கேளு!"

அவள் கேட்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி இறங்கினாள். நான்காவது அடியில் தண்ணீர் தொடைக்கு ஏறியது. ஐந்தாவது அடியில் காலடிக் கல் உருண்டது. அடுத்த நொடி அவள் தலை தண்ணீருக்குள்! இரண்டு ஆண்களும் தம் கட்டி இழுத்தார்கள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. பத்தடி தள்ளி அவளைக் கரையேற்றியபோது பற்கள் கடகடவென அடித்துக்கொண்டன.

சுகந்திக்கு முதன்முறையாகப் பயம் வந்தது. அண்ணனுக்கு வந்த அதே நடுக்கம் தன் கையிலும் இருப்பதைப் பார்த்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. 'அவனாலேயே முடியலை, நான் எம்மாத்திரம்?' என்று நினைத்தாள்.

அப்போது அக்கரையில், பட்டாணி வயலிலிருந்து ஒரு பெண் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கத்தியது தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. சூரியனைக் காட்டி வேண்டாம் என்று கையை ஆட்டினாள். உள்ளங்கைகளைச் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். பிறகு கிழக்கு மலையைக் காட்டி, வா என்று அழைத்தாள்.

"தூங்கி எந்திரிச்சு விடியக்காலம் வரச் சொல்றாங்க" என்றான் ரஃபீக்.

வேறு வழியில்லை. கரையிலேயே கூடாரம் அடித்தார்கள். கலங்கிய வெள்ளத்தை, நடுவிலிருந்த பெரிய பாறையோடு சேர்த்துப் போனில் ஒரு படம் எடுத்துவைத்தாள் சுகந்தி. பாறையின் உச்சி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

விடியற்காலை ஐந்தரை மணி. கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டிய சுகந்தி கண்களைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். வெள்ளத்தைக் காணோம்! கண்ணாடி போன்ற தண்ணீர் சலசலவென்று கற்களுக்கிடையே ஓடியது. நேற்றைய பாறை முழுசாக ஆள் உயரத்துக்கு நின்றது.

"கிளப்புங்க வண்டிய!"

முதல் கியர், நிதானமான ஆக்சிலரேட்டர், பார்வை அக்கரையில். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். இரண்டு நிமிடத்தில் இரண்டு வண்டிகளும் அக்கரையில்! தனபால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தார். நடுவில் பாறையருகே அவரை நிறுத்தி, சுகந்தி இன்னொரு படம் எடுத்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் சேரிங். அவள் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னதை ரஃபீக் தமிழில் சொன்னான். "மேல இருக்கற பனி வெயில்ல உருகி, மதியத்துக்கு மேலதான் இங்க வந்து சேருதாம். ராத்திரி உருகறது நின்னுருமாம், காலையில தண்ணி கம்மியாயிருமாம். இங்க கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியுமாம். வெயில் அடிச்சா தண்ணி வத்தும்னு எந்த ஊர்ல சொன்னாங்கன்னு கேக்கறாங்க."

"நொய்யல் கரையிலன்னு சொல்லுங்க" என்றார் தனபால்.

சேரிங் இன்னொன்றும் சொன்னாள். போன வருடம் வந்த அந்த மனிதர் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாராம். போகாதே என்று ஊரே கத்தியதாம். தலைக்கவசத்துக்குள் அவருக்குக் காது கேட்கவில்லையாம்.

சுகந்தி அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனின் கை நடுங்கவே இல்லை! அவன் காலையில் தாண்டியது வேறு தண்ணீர், மதியம் இறங்கியது வேறு தண்ணீர். இந்த மதியத் தண்ணீரில் எவன் இறங்கினாலும் விழத்தான் செய்வான். ஒரு வருடமாக வீணாகத் தன்னையே தின்றுகொண்டிருந்தானே என்று நினைத்து அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரஃபீக்கண்ணா, ஸ்பானர எடுங்க" என்றாள்.

கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே வண்டி சாய்ந்து கிடந்தது. ஆயில் தண்ணீர் கலந்து பாலாக வெளுத்திருந்தது. கார்புரேட்டருக்குள் வண்டல்! கழுவினார்கள், துடைத்தார்கள், புது ஆயில் ஊற்றினார்கள், பிளக் மாற்றினார்கள். சாயங்காலம் ரஃபீக் கிக்கரை மிதித்தான். ம்ஹும். நாற்பது முறை மிதித்தும் கனைக்கக்கூட இல்லை.

"தள்ளிப் பாப்பம்!" என்றாள் சுகந்தி வண்டியில் ஏறி.

சேரிங், அவள் புருஷன், ஊர்ச்சனம் எல்லாம் கூடிவிட்டது. சரிவில் எல்லோரும் தம் கட்டித் தள்ளினார்கள். சுகந்தி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். டக்... டக்... படபடபடவென்று கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி உயிர்பெற்றது! தங்மார் முழுக்க விசில் பறந்தது. தனபால் சந்தோஷத்தில் தன் பருப்புப் பொடி அத்தனையையும் ஊருக்கே தானம் செய்துவிட்டார்.

மறுநாள் விடியலில், அண்ணனை உருட்டிய அதே ஓடையை அண்ணன் வண்டியிலேயே கடந்தாள் சுகந்தி. அவளுடைய வண்டியைத் தனபால் ஓட்டினார். தார் ரோட்டைத் தொட்டதும் அவர் சொன்னார்: "வழி தெரியாதவன் வழிய மட்டும் கேட்டாப் போதாது அம்மிணி. நேரத்தையும் கேக்கோணும்." மற்ற இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

இருபத்தோராம் நாள் காலை, திட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே, மூன்று வண்டிகள் கணபதிக்குள் நுழைந்தன. தெருவே வேடிக்கை பார்க்க வெளியே வந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பிய பூபதி சாப்பாட்டுப் பையோடு கேட்டருகே நின்றுவிட்டான். வண்டியைப் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்? நான்தான் இனி ஓட்டறதில்லைன்னு..."

சுகந்தி போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். மதியம் உச்சி மட்டும் தெரிந்த பாறை. விடியலில், அதே பாறையின் பக்கத்தில் செருப்பும் கையுமாக நிற்கிற தனபால்.

"மதியமானா பனி உருகி வெள்ளம் வந்துருமாண்ணா. அங்க கைக்கொழந்தைக்கும் தெரியுது, நமக்குத்தான் தெரியல. நானும் மதியம் எறங்கி விழுந்தேன்."

பூபதி இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரு வருடமாகக் குனிந்தே இருந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

"அப்ப எனக்குக் கை நடுங்கலயா?"

"இல்லண்ணா. உன்ற கையில ஒரு குத்தமும் இல்ல."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சாப்பாட்டுப் பையைத் தங்கையின் கையில் திணித்தான்.

"சாவி எங்க?"